சட்ட ஆய்வுக் கழகங்கள் புது உறுப்பினரை ஏற்கும் முறை

கற்றவர் கூடும் அவையைத் தமிழர் பெரிதும் மதித்தனர். அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை வள்ளுவர் வகுத்திருத்தல் இதனைப் புலப்படுத்தும். அவையிற் புகுந்தவன் எவ்வாறு பேசுதல் வேண்டும், எவரிடத்து எதனைக் கூறலாகாது என்பவற்றை அவ்வதிகாரங்கள் உரைக்கின்றன. ஆயின், அவனை அவையினுட் புகவிட்டவர் யார், எந்த விதிகொண்டு புகவிட்டனர் என்னும் வினா அவற்றிற்கு அப்பாற்பட்டது. சட்டத்தை ஆராயும் கழகங்களைப் பொறுத்தவரை இவ்வினா மிக முதன்மை வாய்ந்தது. அக்கழகங்களின் வாயில் எத்தகையது என்பதனையும், அவ்வாயிலால் நன்மையடைவார் யார், புறத்தே நிற்பார் யார் என்பதனையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டத்தொழில் வேறு, சட்ட ஆராய்ச்சி வேறு. வழக்காளி ஒருவருக்காக மன்றேறி வாதாடுவோர் சட்டத்தரணிகள். சட்டம் எங்கிருந்து வந்தது, எவ்வாறு திரிந்தது, பிற நாட்டுச் சட்டத்தோடு எவ்விடத்து ஒத்து எவ்விடத்து மாறுபடுகின்றது, அது மக்கள் வாழ்வில் என்ன விளைவைத் தருகின்றது என ஆராய்வோர் சட்ட ஆய்வாளர். இவ்வாய்வாளர் ஒரே ஊரில் வாழ்பவரல்லர். ஒரே பல்கலைக்கழகத்திற் கற்பிப்பவருமல்லர். ஆகவே, தொலைவில் உள்ளார் ஒருவரோடொருவர் தொடர்பு கொண்டு, கட்டுரைகளைப் பரிமாறி, ஆண்டிற்கோ ஈராண்டிற்கோ ஒருமுறை ஓரிடத்துக் கூடி, தம் முடிபுகளை நூலாக்குதற்கென ஆய்வுக் கழகங்களையும் அவற்றின் இணைப்புக்களையும் அமைத்துக்கொள்வர். இத்தகைய கழகமொன்றில் உறுப்பினராதல் பெருமை தரும் என்பது உண்மையே. ஆயினும் அதன் பயன் பெருமையோடு முடிவதன்று. எந்த நாட்டார், எந்த மொழியார், எந்த வழக்காற்றை அறிந்தார் உறுப்பினராகின்றனரோ, அவர் அறிந்த சட்டமே ஆராயப்படும். உள்ளே ஒருவரும் இல்லாத மக்களின் வழக்காறு ஏட்டில் ஏறாமலே மறையும்.

இதனைக் கிழக்கிலங்கைக் கரையோர ஊரொன்றைக் கொண்டு விளக்கலாம். கல்முனைக்கு வடக்கே, அம்பாறை மாவட்டத்தின் எல்லையில், கடலுக்கும் வாவிக்கும் இடையே அமைந்தது பெரியநீலாவணை. கவிஞர் நீலாவணன் (1931–1975) தம் புனைபெயராற் புகழ்பெறச் செய்த ஊர் இது. தெற்கே அடுத்திருப்பது கைத்தறிக்குப் பெயர்பெற்ற முஸ்லிம் ஊராகிய மருதமுனை. வடக்கே மட்டக்களப்பு மாவட்டத்துக் கல்லாறு. 1961-ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் தனியாக வகுக்கப்படும் வரை இவ்வூர்கள் யாவும் மட்டக்களப்பு மாவட்டத்தையே சார்ந்திருந்தன. இக்கரையில் வாழும் இந்துக்களும் முஸ்லிம்களும் சமயத்தால் வேறுபட்டோராயினும், தாய்வழியாக வரும் குடிமுறையில் ஒத்தவர்கள். பிள்ளை தாயின் குடியைச் சேரும். திருமணத்தின்பின் மணமகன் மணமகளின் வீட்டிற்குச் செல்வான். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படும். ஆகவே, வீடு என்பது பெண்ணின் உடைமை என்னும் எண்ணம் இங்கு வேரூன்றி நிற்கின்றது.

இவ்வழக்காற்றுக்கு ஒருகாலத்தில் சட்டத்தின் வலிமையும் இருந்தது. முக்குவர் சட்டம் என வழங்கிய தாய்வழி உரிமை முறையைக் கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876-ஆம் ஆண்டில் ஆங்கில நூலொன்றில் வெளியிட்டார். அதே 1876-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்பின் அம்முறை நீதிமன்றங்களிற் செல்வாக்கிழந்தது. சட்டம் ஒன்று நூலாகிய ஆண்டும் அது வழக்கொழியத் தொடங்கிய ஆண்டும் ஒன்றாக அமைந்தமை நினைக்கத்தக்கது. பின்னர் நீதியரசராக விளங்கிய எச். டபிள்யூ. தம்பையா அவர்கள் 1954-இல் வெளியிட்ட இலங்கைத் தமிழரின் சட்டங்களும் வழமைகளும் பற்றிய நூலில் இதனை மீண்டும் எடுத்தாராய்ந்தார். இவ்வாறு அறிஞர் சிலரின் தனி முயற்சியாலேயே அவ்வழக்காற்றின் வரலாறு எஞ்சியுள்ளது.

நீதிமன்றத்திற் செல்வாக்கிழந்த வழக்காறு வீடுகளில் அழிந்துவிடவில்லை. அதனை அறியாமையால் விளைந்த கேடு 2004-ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 26-ஆம் நாள் நிகழ்ந்த கடற்கோளின் பின்னர்ப் புலப்பட்டது. அக்கடற்கோளிற் கல்முனைக் கரையின் ஊர்கள் பேரழிவுற்றன. இழந்த வீடுகளுக்கு ஈடாகப் புதுவீடுகள் வழங்கப்பட்டபொழுது, ‘குடும்பத் தலைவர்’ என்னும் சொல்லுக்கு ஆண்மகன் என்றே பொருள் கொள்ளப்பட்டமையால், மனைவிக்கு உரியதாயிருந்த வீட்டின் இடத்தில் எழுந்த புதுவீடு கணவன் பெயருக்குச் செல்லும் நிலை கிழக்கிற் பல இடங்களில் ஏற்பட்டதென ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். ஒரு கரையின் வழக்காற்றை அறிந்தவர் சட்ட அறிஞர் கூட்டத்துள் இருத்தலும் இல்லாதிருத்தலும் ஏழைப் பெண்ணொருத்தியின் வீட்டுரிமையைத் தொடும் செய்தி என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. உறுப்பினரை ஏற்கும் முறை வெறும் அலுவலக நடைமுறை எனக் கருதுவார் இதனை நினைதல் தகும்.

இனி, அம்முறைகளின் வகைகளை ஆராயலாம். எந்தக் கழகத்தின் விதியை எடுத்துக்கொண்டாலும் அது மூன்று வினாக்களுக்கு விடை கூறுவதாகவே அமையும். புதியவரின் பெயரை முன்வைப்பவர் யார்? அவரிடத்து நோக்கப்படும் தகுதி யாது? முடிவு செய்பவர் யார்? இம்மூன்றுக்கும் கூறப்படும் விடைகளின் வேறுபாட்டால் கழகங்களின் வாயில்களும் வேறுபடும்.

முதலாவது வகை திறந்த வாயில். இங்கிலாந்தின் சட்ட வரலாற்றை ஆராய்தற்கென மெயிற்லண்ட் என்னும் பேரறிஞரின் முயற்சியால் 1887-இல் நிறுவப்பட்ட செல்டன் கழகம் இவ்வகையைச் சார்ந்தது. ஆர்வமுடையார் சந்தா செலுத்திச் சேரலாம். பழைய நீதிமன்றப் பதிவேடுகளைப் பதிப்பித்தல் அக்கழகத்தின் பெரும்பணி. அப்பணிக்குப் பொருளும் வாசகரும் வேண்டும். ஆதலின் வாயில் திறந்திருந்தது. ஆனால், ஏடுகளைப் பதிப்பிக்கும் பொறுப்பு அவற்றைப் படிக்க வல்லாரிடமே ஒப்படைக்கப்பட்டது. உறுப்புரிமையைப் பரவலாக்கி, ஆய்வுப் பொறுப்பை மட்டும் தகுதி நோக்கி வழங்கும் முறை இது. கழகத்தின் பெயர் கெடுவதுமில்லை. கற்க விரும்புவோர் புறக்கணிக்கப்படுவதுமில்லை.

இரண்டாவது வகை தேர்தல் வாயில். ஏற்கெனவே உள்ள உறுப்பினர் தம்முடன் இருக்கத்தக்காரைத் தாமே தெரிந்தெடுப்பர். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சர்வதேசச் சட்ட நிலையம். 1873-ஆம் ஆண்டு புரட்டாதித் திங்கள் 8-ஆம் நாள் பெல்ஜியம் நாட்டின் கெண்ட் நகர மண்டபத்தில் பதினொரு சட்ட அறிஞர் கூடி இதனை நிறுவினர். றோலின் சக்மைன் என்பார் அதற்கு முன்னின்று உழைத்தார். இத்தாலிய அறிஞர் மன்சினி முதலாவது தலைவரானார். அரசாங்கங்களின் கட்டளைக்கு உட்படாது, நாடுகளுக்கிடையே நிலவும் சட்டத்தை அறிஞர் தாமே ஆராய்ந்து கூறுதல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. 1904-இல் இந்நிலையத்திற்கு அமைதிக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இந்நிலையத்தில் ஒருவர் தாமே விண்ணப்பித்துச் சேர்தல் இயலாது. சர்வதேசச் சட்டத்திற்குக் கல்வியாலோ தொழிலாலோ தொண்டாற்றியோருள் சிலர் முதலில் துணை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படுவர். துணை உறுப்பினருள் இருந்தே பின்னர் முழு உறுப்பினர் தெரிவு செய்யப்படுவர். எண்பது வயதுக்கு உட்பட்ட உறுப்பினரும் துணை உறுப்பினரும் சேர்ந்து 132 பேருக்கு மேற்படலாகாது என்பது விதி. ஒரு நாட்டவர் மிகுந்து பிறரை விஞ்சாதவாறும் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. பெயர்களை முன்வைக்கும் பணி பெரும்பாலும் அந்தந்த நாட்டு உறுப்பினர் குழுவினதாகும். போதிய உறுப்பினர் இல்லாத நாட்டைப் பொறுத்தவரை நிலையத்தின் பணியகமே பெயரை முன்வைக்கும்.

இவ்விதிகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. தொகையை வரையறுத்தமையால், கூடியோர் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்து, ஆணைக்குழுக்களிற் பங்குகொண்டு, தீர்மானங்களைச் சொல் சொல்லாக ஆராய்தல் இயலும். இருபடி முறையால், புதியவரின் உழைப்பைக் கண்டறிந்தபின் அவருக்கு முழு உரிமை வழங்கலாம். நாட்டெல்லை வகுத்தமையால் வல்லரசு ஒன்றின் கருத்தே உலகச் சட்டமாகிவிடும் அபாயம் குறையும். ஆயினும் இதன்கண் ஒரு குறையும் உளது. உறுப்பினர் பலரைப் பெற்ற நாடு தன் அறிஞரைத் தானே முன்வைக்கும்; ஒருவரையும் பெறாத நாடு பிறர் கண்ணிற் படும்வரை காத்திருத்தல் வேண்டும். உள்ளவனுக்கே மேலும் எளிதாகும் வாயில் இது.

ஐக்கிய அமெரிக்காவில் 1923-இல் நிறுவப்பட்ட அமெரிக்கச் சட்ட நிலையமும் தேர்தல் வாயிலையே கொண்டது. நீதிபதிகள், வழக்கறிஞர், பேராசிரியர் ஆகிய முத்திறத்தாரும் அதில் உறுப்பினர். வெவ்வேறு மாநிலங்களிற் சிதறிக் கிடந்த தீர்ப்புக்களைத் தொகுத்து, பொதுச் சட்டத்தின் விதிகளைத் தெளிவாக எடுத்துரைத்தல் அதன் பணி. உறுப்பினர் ஒருவர் முன்மொழிய, வேறு உறுப்பினர் இருவர் எழுத்தில் வழிமொழிய, உறுப்புரிமைக் குழு ஆராய்ந்தபின் ஏற்றுக்கொள்ளுதல் அங்குள்ள வழக்கம். பல நாட்டு ஆய்வுக் கழகங்கள் இம்முறையைச் சிறிது மாற்றியும் மாற்றாமலும் பின்பற்றுகின்றன. இருவர் அல்லது மூவர் சான்று கேட்கும் இவ்வழக்கத்தின் கருத்து தெளிவானது: ஒருவரின் எழுத்தையும் ஒழுக்கத்தையும் நேரில் அறிந்தார் அவருக்குப் பிணை நிற்றல் வேண்டும் என்பதாம்.

மூன்றாவது வகை நிறுவன வாயில். இங்குத் தனியொருவர் உறுப்பினராவதில்லை. பல்கலைக்கழகமோ, ஆய்வு நிலையமோ, ஒரு நாட்டின் குழுவோ உறுப்பினராகும். யுனெஸ்கோவின் ஆதரவில் 1950-இல் தோன்றிய சட்ட விஞ்ஞானச் சர்வதேசச் சங்கம் நாட்டுக் குழுக்களை உறுப்பாகக் கொண்டமைந்தது. நிறுவனம் நிலைத்திருக்கும்; தனியாள் மாறலாம். ஆகலின் இம்முறையால் தொடர்பு அறுபடாது நிற்கும். ஆனால், நிறுவனம் எதனையும் சாராது ஊரில் இருந்து ஆராயும் ஆசிரியருக்கும், ஓய்வுபெற்ற நீதிமன்ற முதலியாருக்கும், கிராமத்து நொத்தாரிசுக்கும் இவ்வாயில் மூடியதேயாகும். வழக்காற்றுச் சட்டத்தின் நுட்பத்தை அறிந்தோர் பெரும்பாலும் இத்தகையாரே என்பதனை மறத்தலாகாது. உறுதி எழுதிப் பழகிய முதியவர் ஒருவர் சீதனத்தைப் பற்றி அறிந்திருப்பதனை நூலகத்தில் இருந்து மட்டும் கற்பவர் எளிதிற் பெறுதல் அரிது.

வாயில் எவ்வகையினதாயினும், உள்ளே நடைபெறும் ஆய்வு ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் அமையும். புதியவர் தம் கல்வி, பதவி, ஆய்வுப் பொருள், வெளியிட்ட நூல் கட்டுரை ஆகியவற்றைக் கூறும் விவரக் குறிப்பை அளிப்பார். தாம் கழகத்திற்கு என்ன செய்யக்கூடும் என்பதனையும் எழுதுவார். உறுப்பினரின் சான்றுரைகள் அதனுடன் சேரும். உறுப்புரிமைக் குழு ஒன்று இவற்றைப் படித்து, கழகத்தின் நோக்கத்தோடு பொருந்துமோ எனக் கருதித் தன் பரிந்துரையை ஆட்சிக் குழுவிற்கோ பொதுக் கூட்டத்திற்கோ அனுப்பும். அங்கு வாக்கெடுப்பு நிகழும். ஏற்கப்பட்டவர் சில கழகங்களில் முழு உரிமையை உடனே பெறுவர். சிலவற்றிற் குறித்த காலம் துணை உறுப்பினராக இருப்பர். சந்தா செலுத்தாமையும், நெடுங்காலம் பங்குகொள்ளாமையும், பிறர் எழுத்தைத் தமதாகக் காட்டுதலும் உறுப்புரிமை இழத்தற்குக் காரணமாகும்.

இவ்வொழுங்கில் இரண்டு இடங்களில் நீதி தவறக்கூடும். ஒன்று, சான்றுரை. அறிந்தாரையே அறிந்தார் முன்மொழிவர். ஒரே கல்லூரி, ஒரே நகர், ஒரே குலம், ஒரே மொழி என்னும் வட்டத்துள் தேர்தல் சுழலும். யாருடைய தீய எண்ணமும் இன்றியே இது நிகழும் என்பதுதான் இதன் வலிமை. மற்றையது, தகுதிக்கு இடும் அளவுகோல். ஆங்கில ஏடுகளில் வந்த கட்டுரைகளை மட்டும் எண்ணுவார்க்குத் தமிழில் எழுதியவர் எழுதாதவராகவே தோன்றுவர்.

சட்டத்துறையின் வரலாற்றில் வாயில்கள் மூடப்பட்டமையும் பின்னர்த் திறக்கப்பட்டமையும் பலமுறை நிகழ்ந்துள்ளன. இலண்டன் மாநகரின் நான்கு சட்டச் சங்கங்களில் ஒன்றாகிய லிங்கன் சட்டச் சங்கம் 1833-இல் பிரான்சிசு கோல்ட்சுமித் என்னும் யூதரை ஏற்றுக்கொண்டது. பழைய ஏற்பாட்டின்மேற் சத்தியம் செய்ய அவர் அனுமதிக்கப்பட்டார். முப்பது ஆண்டுகளின்பின், 1863-இல், இலங்கைத் தமிழராகிய சேர் முத்து குமாரசுவாமி அச்சங்கத்தின் வாயிலாகவே பாரிஸ்டராயினார். கலைப்புலவர் ஆனந்த குமாரசுவாமியின் தந்தையாராகிய இவர், அந்நாட்டின் வழக்கறிஞர் அவையில் இடம்பெற்ற முதல் இந்து எனப் போற்றப்படுவர். கோர்ணீலியா சொறாப்ஜி 1892-இல் ஒக்ஸ்போட்டிற் குடியியற் சட்டப் பரீட்சை எழுதினார். ஆயினும் பெண்களுக்குப் பட்டம் வழங்க அப்பல்கலைக்கழகம் 1920 வரை இசையவில்லை. இந்தியாவிற் பெண்கள் சட்டத்தொழில் புரிதற்கிருந்த தடை 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. இவர்கள் புகுந்தமையால் அவைகளின் தரம் தாழவில்லை. முன்னிருந்த தடை தகுதியைக் காக்கும் வேலியன்று, பழக்கத்தைக் காக்கும் வேலியே என்பது பின்னரே தெளிவாயிற்று.

இலங்கையிற் சட்டத்தொழிலுக்குரிய வாயில் வேறு வகையினது. அது பரீட்சை வாயில். 1874-இல் தொடங்கிய சட்டக் கல்லூரியும் 1947-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சட்டத்துறையும் இதற்குரிய கல்வியை வழங்கின. அப்புக்காத்து என்றும் பிறக்கிராசி என்றும் முன்னர் இருவேறாக வழங்கிய தொழிலினர், 1973-ஆம் ஆண்டின் 44-ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தால், 1974 தை முதல் சட்டத்தரணி என ஒன்றாக்கப்பட்டனர். நன்மதிப்பும் தகுந்த அறிவும் ஆற்றலும் உடையாரை உயர் நீதிமன்றம் சட்டத்தரணியாக ஏற்றுப் பதியலாம் என 1978-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம் கூறுகின்றது. அறிவைப் பரீட்சை காட்டும்; நன்மதிப்பைச் சான்றிதழ் காட்டும்; ஆற்றலை மூத்த சட்டத்தரணியின்கீழ்ப் பெறும் பயிற்சி காட்டும். பரீட்சை வாயிலின் சிறப்பு, எழுதுபவனின் தந்தை யார் எனத் திருத்துபவர் அறியாமையேயாகும். பெரியநீலாவணை மாணவனும் கொழும்பு மாணவனும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றனர்.

ஆயின் வினாத்தாள் எம்மொழியில் என்பதும் வாயிலின் பகுதியே. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்திலேயே நடத்தும் விதிகள் 2020-ஆம் ஆண்டு இறுதியில் வர்த்தமானியில் வெளிவந்தன. சிங்களத்திலும் தமிழிலும் பயின்ற மாணவர் இதனாற் பின்தள்ளப்படுவர் என்னும் எதிர்ப்பு எழுந்தது. 2023 பங்குனியில் அவ்விதிகளை நாடாளுமன்றம் தோல்வியுறச் செய்தது. சட்டத்தின் உலகளாவிய நூல்களைப் பயில ஆங்கிலம் வேண்டும் என்பாரின் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும், கற்பதற்கு வேண்டும் மொழி ஒன்று. வாயிலில் நிறுத்தி வடிகட்டும் மொழி மற்றொன்று. முன்னையதனைக் கற்பிக்க வேண்டும். பின்னையதனைத் தடையாக்குதல் தகாது.

தமிழரின் பழைய அவையொன்றின் விதிகள் இவ்விடத்து ஒப்புநோக்கற்குரியன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919-இலும் 921-இலும் உத்தரமேரூர்ச் சபையார் தம் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யும் முறையைக் கல்லில் வெட்டுவித்தனர். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. முப்பத்தைந்துக்கு மேற்பட்டு எழுபதுக்கு உட்பட்ட வயதும், கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலமும், தன் மனையிற் கட்டிய வீடும், வேதக் கல்வியும் தகுதியாகக் கொள்ளப்பட்டன. அரைக்கால் வேலியே உடையவனாயினும், ஒரு வேதத்திலும் பாடியம் ஒன்றிலும் வல்லவனாயின் அவன் பெயரும் ஏற்கப்பட்டது. கல்வி மிகுந்த இடத்து நிலத்தின் அளவு குறைக்கப்பட்டமை கருதற்பாலது. முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் விலக்கப்பட்டனர். அண்மையில் மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவரும் விலக்கப்பட்டனர். தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, வேறுபாடறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்து அவ்வோலையை ஏற்று, யாவரும் கேட்கப் படிப்பித்தனர்.

இம்முறையில் முதற்படி தகுதி, இரண்டாம்படி திருவுளம். தகுதியில்லான் குடத்துள் வருதல் இயலாது; குடத்துள் வந்தபின் செல்வாக்குடையான் பிறனை விலக்குதலும் இயலாது. உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். அதன் வாயில் அந்தண நிலவுடைமையாளருக்கே திறந்தது. பெண்டிரும் ஏனையோரும் புறத்தேயே நின்றனர். இக்குறையை மறைத்து அதனைக் குடியாட்சியின் முழுவடிவமெனப் புகழ்தல் வரலாற்றுக்கு ஒவ்வாது. ஆயினும் தகுதியை எழுதி வைத்தல், ஒருவரே நெடுங்காலம் இருத்தலைத் தடுத்தல், கணக்குக் காட்டாமையைக் குற்றமாக்கல், யாவரும் காணத் தெரிவு செய்தல் ஆகிய நான்கும் இக்காலத்துக் கழகங்களும் கொள்ளத்தக்கன.

கிழக்குக் கரையிலும் இதற்கெனத் தனியொரு மரபு உண்டு. கோயில்களிற் குடிகளின் சார்பாக வண்ணக்கர் இருப்பர். பள்ளிவாசல்களிற் குடிகளின் சார்பாக மரைக்காயர் இருப்பர். எந்தக் குடியும் முற்றாகப் புறத்தே நில்லாதவாறு இடங்களைப் பகிர்தல் இம்மரபின் உட்பொருள். பிறப்பால் வரும் இவ்வுரிமையை அறிவால் அமைய வேண்டிய ஆய்வுக் கழகத்திற்கு அப்படியே கொள்ளுதல் பொருந்தாது. எனினும், ஒவ்வொரு பகுதியினர்க்கும் அவையில் ஓரிடம் வேண்டும் என்னும் எண்ணம் சர்வதேசச் சட்ட நிலையத்தின் நாட்டெல்லை விதியோடு ஒத்திருத்தல் வியப்பிற்குரியது.

அவையிற் சிலர் இல்லாமையாற் சட்டமே குறைவுறும் என்பதற்கு இலங்கையில் இரு சான்றுகள் உள. யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1706-இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஈசாக்சு தொகுத்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரு முதலியாரிடம் காட்டப்பட்டு, அவரால் ஏற்கப்பட்டது. பெண்களின் சீதனமும் முதுசமும் பற்றி விரிவாகக் கூறும் அச்சட்டத்தைச் சரிபார்த்தவருள் பெண் ஒருவரும் இல்லை. மற்றையது, 1951-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். காதியார் பதவிக்கு ஆண்களையே தகுதியுடையோராக அது வகுத்தது. இச்சட்டத்தைத் திருத்துதல் குறித்து ஆராய 2009-இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு 2018-இல் அறிக்கை அளித்தபொழுது, குழுவினர் ஒருமனப்படாது இருவேறு கருத்துக்களை வெளியிட்டனர். அமர்ந்தவர் யாவர் என்பதற்கேற்ப ஆய்வின் முடிவும் அமையும் என்பது இதனாற் பெறப்படும்.

இவற்றால், நல்லதொரு சட்ட ஆய்வுக் கழகம் தன் வாயிலை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பது புலனாகும். தகுதிகளை எழுதி வெளியிடல் வேண்டும். உறுப்பினர் எவரையும் அறியாதார் தாமே விண்ணப்பித்துத் தம் எழுத்தைக் காட்டவும் வழியிருத்தல் வேண்டும். அவ்வெழுத்தைப் பெயர் மறைத்துப் படித்தல் இன்னும் நன்று. தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்ட ஆய்வை அம்மொழி வல்லாரைக் கொண்டு மதிப்பிடல் வேண்டும். பதவி பெறாத ஆய்வாளர்க்கும் மாணவர்க்கும் துணை உறுப்புரிமை வழங்கல் வேண்டும். உறுப்புரிமைக் குழுவினர் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுதல் வேண்டும். ஏற்கப்படாதவர்க்குக் காரணம் கூறல் வேண்டும். காரணம் அறிந்தவன் குறையைத் திருத்தி மீண்டும் வருவான், அறியாதவன் மனந்தளர்ந்து விலகுவான். வாயிலைத் திறத்தல் என்பது அளவுகோலைத் தாழ்த்துதல் அன்று. அளவுகோலை எல்லார்க்கும் எட்டும் இடத்தில் வைத்தலேயாம்.

மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. கழகத்தின் வாயிலில் வெறுங்கையோடு நிற்பவனுக்குச் சான்றுரை எத்தனை இருந்தும் பயனில்லை. ஊரிலுள்ள பழைய உறுதிகளைப் படித்தல், சீதன வழக்கத்தை முதியோரிடம் கேட்டு நாளும் இடமும் குறித்து எழுதுதல், கோயிற் கணக்குகளையும் பள்ளிவாசற் பதிவுகளையும் உரியவர் இசைவோடு படியெடுத்தல், 1961-க்கு முற்பட்ட பதிவுகளை மட்டக்களப்பிலும் தேடுதல், தீர்ப்புத் தொகுதிகளில் அவ்வழக்காறு எவ்வாறு கொள்ளப்பட்டது என ஒப்பிடுதல் ஆகியன எந்தக் கழகத்தின் அனுமதியையும் வேண்டாத பணிகள். இந்து மாணவனும் முஸ்லிம் மாணவனும் சேர்ந்து செய்தற்குரிய பணிகளும் இவையே. குடிமுறை இரு சாராருக்கும் பொதுவாதலின், ஒருவர் மட்டும் ஆராய்ந்தால் பாதியே கிடைக்கும். இவ்வாறு திரட்டிய பொருளோடு தெளிவான கட்டுரையொன்றை எழுதியவனுக்கு அக்கட்டுரையே முதற் சான்றுரையாகும்.

கடற்கோளில் உறுதிகள் சில அழிந்தன. அவற்றின் வரலாற்றை நினைவில் வைத்திருந்த முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். கழகங்கள் தம் விதிகளைத் திருத்தும்வரை இக்கரை காத்திருத்தல் இயலாது. இக்கரையின் மாணவர் எழுதும்வரை கழகங்களும் தாமே அறிந்துகொள்ளுதல் இயலாது. வாயிலின் இருபுறத்தாரும் ஒருவரையொருவர் நோக்கி ஓரடி எடுத்து வைப்பாராயின், இன்னொரு பேரிடர் நேருங் காலத்திலேனும், ‘இவ்வீடு யாருடையது’ என்னும் வினாவிற்கு அவ்வூர் வழக்கை அறிந்தார் ஒருவர் விடை கூறுதற்கு அவையில் இருப்பார்.